சனி கிரகத்து எடை

"இன்னிக்கு வெயிட்டு ஏறலைன்னா நாளையிலருந்து மாத்திரையைத் தொட மாட்டேன். அப்பால யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

செங்கல்வராயன் பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய உடம்பில் விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. காசநோய்க்கு மூன்று மாதமாக மருந்து சாப்பிடுகிறார். இன்னும் மூன்று மாதம் பாக்கி. பாதியில் விட்டால் நோய் திரும்பும், அப்போது இந்த மருந்துக்கெல்லாம் அடங்காது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

போன மாதம் சுகாதார நிலையத்தில் எடை நாற்பத்தாறு கிலோ. அதற்கு முந்தைய மாதமும் அதே நாற்பத்தாறு. முழுங்குவதும் வாந்தி எடுப்பதும்தான் மிச்சம் என்று சலித்துப்போய் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். மனைவி சாவித்திரிதான் மாத்திரை வாங்கி வருகிறாள்.

அதனால்தான் இன்று மகள் காவ்யாவின் மெஷின். மாலை நேர வகுப்பில் டிப்ளமோ படிக்கும் அவள் செய்முறைக்காகச் செய்தது. ஏறி நிற்க ஒரு பலகை, சின்னத் திரை, பக்கவாட்டில் ஒரு திருகு. திருகைச் சுற்றி நிலா, செவ்வாய், பூமி, சனி என்று எழுதி ஒட்டியிருந்தாள். எந்தப் பெயருக்குத் திருப்பினாலும் அந்த இடத்து எடை திரையில் வரும்.

செய்து முடித்த அன்று நிலாவில் ஏறிப் பார்த்துவிட்டு, ஏழு கிலோவுக்கும் கொஞ்சம் மேல்தானா என்று அப்பா சிரித்தார். சனியைப் பற்றியும் கேட்டார்.

"அங்க இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி, நைனா. இங்க நூறு கிலோன்னா அங்க நூத்தாறு காட்டும்."

"அப்போ அங்க போனா சதை போட்டுருவனா?"

"சதை இங்க இருக்குறதேதான். நம்பர்தான் ஏறும்."

"சர்தான். இங்கயே அவன் நம்மள வுட மாட்டேன்றான். அங்க வேற போவணுமா?"

அந்தப் பேச்சுதான் காவ்யாவுக்கு யோசனையைக் கொடுத்தது. நாற்பத்தாறு கிலோ, சனியில் கிட்டத்தட்ட நாற்பத்தொன்பது. அதைப் பார்த்தால் அப்பா மாத்திரையை விட மாட்டார். இது தப்பா என்று மூன்று முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். மூன்று முறையும் வேறு வேறு பதில் வந்தது.

திருகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி மெஷினைத் தரையில் வைத்தாள். சரிபார்ப்பதுபோல் குனிந்து, பூமியிலிருந்து சனிக்குத் திருப்பினாள். வாசலில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. திருகின் 'டிக்' சத்தம் கேட்கவில்லை. அப்பாவுக்கும் கேட்டிருக்காது என்று நிம்மதியாக இருந்தது.

"எதுல வெச்சிக்கீறே?" என்றார் அவர்.

"பூமிலதான், நைனா."

அவர் ஏறினார். எண்கள் ஓடி நின்றன. 47.7.

"சாவித்திரி, இங்க வா. ஒண்ணே முக்கால் கிலோ கிட்ட ஏறிக்கீது." அவர் இறங்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு தானே போய் மாத்திரையை எடுத்து, முகம் சுளிக்காமல் விழுங்கினார்.

காவ்யா குனிந்து எண்ணை மறுபடி படித்தாள். நாற்பத்தெட்டே முக்காலாவது காட்டியிருக்க வேண்டும். சனியில் நாற்பத்தேழு எழுநூறு என்றால் பூமியில்? மனதுக்குள் வகுத்தாள். தப்பாகப் போட்டிருப்போம் என்று மறுபடியும் வகுத்தாள். நாற்பத்தைந்து. அப்பா ஒரு கிலோ இளைத்திருக்கிறார்.

மருந்து கேட்கவில்லையோ? சொன்னால் இன்றோடு மாத்திரையை நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் டாக்டரிடம் போக மாட்டார். உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாமல் போய்விடும். அவரோ, வேலைக்குத் திரும்பினால் முதல் ஷிப்ட் கேட்கலாமா என்று அம்மாவிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

"நைனா," என்றாள் காவ்யா. "நான் ஒண்ணு சொல்லணும். அந்த நம்பர்…"

"இருடி, முதல்ல நான் சொல்லிடறேன்," என்று சாவித்திரி குறுக்கே வந்து மெஷினைத் தூக்கினாள். திருகு கழன்று தரையில் உருண்டது. "திட்டாத. முந்தாநேத்து பெருக்கும்போது இது கயண்டு வந்துட்சு. சும்மா சொருகி வெச்சேன். இது மட்டும்தான் சுத்துது, உள்ள ஒண்ணும் அசையல."

காவ்யா மெஷினைப் பிடுங்கி, திருகு இருந்த இடத்தைப் பார்த்தாள். உள்தண்டில் அவள் சிவப்பு மையால் போட்டிருந்த கோடு, பூமிக்கு நேராகவே நின்றிருந்தது.

அப்பா சனிக்குப் போகவே இல்லை.