மருமகள் கைக் காரம்

"எந் தம்பிய எலும்பும் தோலுமா ஆக்கி வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி?"

பொம்மிடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த காசியம்மாள், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

பானுமதி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "மொதல்ல உக்காருங்க பெரியம்மா."

"உக்கார வரல. நாயம் கேக்க வந்திருக்கேன். டேய் மாயவா, நீ சொல்லுடா."

கட்டிலில் படுத்திருந்த மாயவன் எழுந்து உட்கார்ந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு, மனசு விட்டுப் பேச அவருக்கு அக்கா ஒருத்திதான்.

"என்னத்தச் சொல்றதுக்கா? எம் மருமவ ரெண்டு மாசமா ஒரு வாய் நிம்மதியா திங்க வுடல. எதச் செஞ்சாலும் காரம். நெருப்ப அள்ளி வாயில போட்டாப்பல எரியுது."

"உம் மவன் சிவக்குமாரு கேக்கறதில்லியா?"

"அவன் ஓசூர் கம்பெனியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வர்றான். கேட்டா, காரமே இல்லியேப்பாங்கறான்."

"பாத்தியா! புருஷனுக்கு ஒரு கொழம்பு, மாமனாருக்கு ஒரு கொழம்பு!"

"அது மட்டுமா? பொகையிலைய விடுங்க, வாயத் தொறந்து காட்டுங்க, தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னு தெனமும் நச்சரிக்கறா. நல்லா இருக்கறவனச் சீக்காளியாக்கப் பாக்கறாக்கா."

"இவ காரத்தக் கொட்டி வாயப் புண்ணாக்குவாளாம், அப்பறம் இவளே ஆஸ்பத்திரிக்கும் கூப்புடுவாளாம். உன்ன அங்க தள்ளிட்டா இங்க இவ ராஜ்ஜியந்தானே!"

சொல்லிக்கொண்டே காசியம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, புகையிலையைக் கிள்ளி, தம்பிக்குப் பாதி, தனக்குப் பாதி. சின்ன வயசிலிருந்து எதுவானாலும் அவர்களுக்குள் பாதிப் பாதிதான்.

மாயவனுக்கு வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. அந்தச் சந்துக்குள் எப்படியோ திணித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

பானுமதி உள்ளே போய்க் களியும் கீரைக் கடைசலும் எடுத்து வந்து வைத்தாள்.

"அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. சாப்புட்டுட்டுத் திட்டுங்க பெரியம்மா."

"சாப்புடத்தான் போறேன். உன் லட்சணத்த நானே ருசி பாத்துச் சொல்றேன். காரம் மட்டும் இருக்கட்டும், சிவக்குமாரு வந்ததும் உன்ன உங்கம்மா வூட்டு பஸ்ஸுல ஏத்தி வுட்டுட்டுத்தான் மறுவேலை!"

பானுமதி வாய் கொப்பளிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

காசியம்மாள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். களியைக் கிள்ளிக் கீரையில் தோய்த்து வாயில் போட்டாள்.

"ஸ்ஸ்... ஆ!"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை சொம்பைத் தேடியது.

"அடிப்பாவி! கன்னமெல்லாம் பத்தி எரியுதே! திடமா இருக்கற எனக்கே இப்பிடின்னா, இந்த நோஞ்சான் என்ன பாடு பட்டிருப்பான்!"

மாயவன் முகத்தில் எத்தனையோ நாளைக்கப்புறம் ஒரு சந்தோஷம்.

"சொன்னேன்ல? இப்பவாச்சும் நம்பறியாக்கா? எனக்கு எரியற மாதிரியேதான் உனக்கும் எரியுது பாரு!"

பானுமதிக்கு முகம் வெளுத்துவிட்டது. அதே கிண்ணத்துக் கீரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"இப்ப எதுக்குடி அழுவறே? வசமா மாட்டிக்கிட்டோமேன்னா?"

பானுமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, களி ஒட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல கீரையும் பருப்பும் உப்பும்தாங்க பெரியம்மா. மாமாவுக்காக இந்த வூட்டுல மிளகாயத் தொட்டே ஒரு மாசமாச்சுங்க."

காசியம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு ஏண்டி எரியுது?"

"மாமா மாதிரியே நீங்களும் கன்னத்துல அடக்கிக்கற பொகையிலதாங்க பெரியம்மா. காரமில்லாம எரியற வாயையும், ரெண்டு வாரமாகியும் ஆறாத புண்ணையும் சும்மா விடக்கூடாதாங்க. புத்துநோயாவே இருந்தாலும் ஆரம்பத்துல காட்டிட்டா குணமாக்கிடலாம்னு ஊருக்கு வர்ற நர்சம்மா சொன்னாங்க. பயப்படாதீங்க. காலைல பெரிய ஆஸ்பத்திரில மாமாவுக்குச் சீட்டுப் போடறப்ப, உங்களுக்கும் சேத்தே போட்டுடறேன்."