வயர் பைத்தியம்

"என் கண்ணைக் கட்டு. வயரை மாத்தி மாத்திப் போடு. எது பழசு, எது புதுசுன்னு சரியாச் சொல்லலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்றார் அத்தான்.

"பேரை எப்பவோ மாத்தியாச்சு அத்தான். சொந்தக்காரங்க எல்லாரும் உங்களை வயர் பைத்தியம்னுதான் சொல்றாங்க" என்றான் தம்பி.

அக்கா புருஷன்தான் என்றாலும் இந்த விஷயத்தில் அவன் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. மின்சாரத்தையே படித்து, மின்சாரத்திலேயே பிழைக்கிற இன்ஜினியர். கம்பியை மாற்றினால் பாட்டு இனிக்கும் என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஒரு வருஷமாக அத்தான் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ரெக்கார்டு பிளேயரின் ஊசியை மாற்றினார். அப்புறம் ஆம்ப்ளிஃபயர். பிறகு, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர்களை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்கு இரண்டு வாங்கி நிறுத்தினார். இப்போது ஸ்பீக்கருக்குப் போகிற வயர். கட்டைவிரல் தடிமன், பட்டு நூல் சுற்றியது. அந்த விலைக்கு ஒரு ஃப்ரிட்ஜே வாங்கலாம்.

பாவம் அக்கா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சாயங்காலம் ஆனால் இந்த மனுஷனோடு உட்கார்ந்து வயலின் கேட்பாள். எதற்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இன்றைக்கும் அவன் காலிங் பெல்லை அழுத்து அழுத்தென்று அழுத்தியும், ஹாலில் இருந்த அக்கா எழுந்து வரவில்லை. குளித்துக்கொண்டிருந்த அத்தான்தான் ஈரத்தலையோடு வந்து கதவைத் திறந்தார். அக்காவுக்கு வாழ்க்கையே வெறுத்துப் போய்விட்டது என்று தம்பி முடிவுகட்டினான்.

"அக்கா, நீயும் கண்ணைக் கட்டிக்கோ. பாட்டு டீச்சர் காதைவிடவா இவர் காது?"

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா வாயைத் திறப்பதற்குள், அத்தான் குறுக்கே விழுந்தார்.

"சவால் விட்டது நானு. அவ எதுக்கு நடுவுல? உட்கார்ந்து பார்க்கட்டும்."

துண்டால் அவர் கண்ணை இறுக்கிக் கட்டிவிட்டு, தம்பி வயலினை ஓடவிட்டான்.

"இது புதுசு! உச்சத்துல போறப்போ என்னமா கேட்குது பாரு!"

ஓடியது பழைய வயரில்.

"இது பழசு. மந்தமா இருக்கு."

இது குருட்டாம்போக்கில் சரியாக இருந்தது. தம்பி அதைச் சொல்லவில்லை. அடுத்த முறை எதையும் கழற்றாமல், பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுக் கடமுடவென்று சத்தம் மட்டும் செய்தான்.

"அடடா! இப்ப வந்துச்சு பாரு தெளிவு!" என்று தொடையில் தட்டினார் அத்தான்.

தம்பிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அத்தான், நான் வயரைத் தொடவே இல்லை!"

அத்தான் துண்டை அவிழ்த்தார். "சரி மாப்ள, தோத்துட்டேன். உங்கக்கா பக்கம் திரும்பி நல்லாச் சத்தமாச் சொல்லு. வயர்ல ஒண்ணும் இல்லைதானே?"

கேட்க வேண்டுமா? தம்பி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"ஒண்ணுமே இல்லைக்கா! பழைய வயர்ல என்ன வந்துச்சோ அதேதான் புதுசுலயும் வருது!"

அக்கா சிரிப்பாள் என்று பார்த்தான். சிரிக்கவில்லை.

"அப்போ... மெஷின்ல எந்தக் கோளாறும் இல்லையாடா?"

"ஒரு கோளாறும் இல்லைக்கா! எல்லாம் கச்சிதமா இருக்கு!"

அக்கா மெதுவாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

தம்பி போனை எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட 'வயர் பைத்தியம் க்ளீன் போல்டு' என்று அடிக்கத் தொடங்கினான்.

"ரொம்ப தேங்க்ஸ் மாப்ள" என்றார் அத்தான், புது வயரைச் சுருட்டியபடி.

"எதுக்கு? தோத்ததுக்கா?"

"தோக்கறதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். வயர்ல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நான் சொன்னா அவ நம்ப மாட்டா. இன்ஜினியர் தம்பி சொன்னா நம்புவா." அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தாள். அத்தான் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"போன வருஷம், வயலின் மேல போகும்போது தேய்ஞ்சு போகுதுங்கன்னு சொன்னா. எனக்கு எப்பவும்போலத்தான் கேட்டுது. காது டாக்டரை ஒரு எட்டு பார்த்துட்டு வருவோமான்னு கேட்டுட்டேன். பாட்டு டீச்சர் இல்லையா... ரெண்டு நாள் சாப்பிடலை. என் காதுக்கு ஒண்ணும் இல்லை, உங்க மெஷின்தான் கோளாறுன்னு ஒரே அழுகை. சரின்னு, அவ கை காட்டினதை எல்லாம் மாத்தினேன். கடைசியா மிச்சம் இருந்தது வயர்தான்."

"ஊரே உங்களைப் பைத்தியம்னு..."

"அவளைச் செவிடுன்னு சொல்றதுக்கு, என்னைப் பைத்தியம்னு சொல்றது எவ்வளவோ தேவலை மாப்ள."

தம்பிக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. போனில் அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

அக்கா தலைவாரி, கைப்பையோடு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. அந்தக் காது டாக்டர் எட்டு மணி வரைக்கும் இருப்பாருன்னு சொன்னீங்கல்ல?"

அத்தான் சட்டையை எடுக்க ஓடினார். அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீயும் வாடா. டாக்டர் சொல்றது எனக்கு விழலைன்னா, இப்ப சொன்னியே, அதே மாதிரி சத்தமாச் சொல்லு."