அம்மா கட்டிய சுவர்

"போய் இறங்கினதும் முதல்ல அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பு. குளியல், சாப்பாடெல்லாம் அப்புறம்" என்றாள் அம்மா, பெட்டிக்குள் நான்காவது துண்டைத் திணித்தபடி.

மகள் தலையாட்டிக்கொண்டே அந்தத் துண்டை வெளியே எடுத்து வைத்தாள். கடல் தாண்டி, பேர் வாயில் நுழையாத ஒரு குக்கிராமத்துக்கு, மூன்று வாரம் சம்பளமில்லாத தொண்டு வேலைக்குப் போகிறாள். விமானம் மாலையில்.

அதே கிராமத்துக்கு இருபத்தாறு வருஷத்துக்கு முன் அம்மாவும் போயிருந்தாள். பதினோரு நாள் வெயிலில் நின்று பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் ஒரு பக்கத்தைத் தன் கையாலேயே கட்டிய கதையை, அந்த வீட்டுக்கு வந்தவர்களில் கேட்காமல் தப்பியவர் கிடையாது. வாசலிலிருந்து மூன்றாவது செங்கல்லில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறிவிட்டு வந்தாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு இருபது வயது திரும்பிவிடும்.

"உங்கப்பாவும் எங்க குழுவுலதானே வந்தார். நான் பஸ் ஏறின பிறகும் சாமான்களை ஒப்படைக்க ரெண்டு நாள் தங்கினார். சுவர் எப்படி இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க."

"இரும்பு மாதிரி நின்னுச்சு" என்றார் அப்பா, வழக்கம்போல, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

சற்று நேரத்தில், பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும் என்று மகளைக் கிளப்பிக்கொண்டு போனார். பூட்டுக்கடையைத் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தார்.

"அந்தச் சுவர் இப்ப இல்லம்மா" என்றார்.

அம்மா போன மறுநாள் காலையிலேயே அந்த ஊர்க் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இடித்துவிட்டார். திரும்பக் கட்டும்போது செங்கல் எடுத்துக் கொடுத்தது அப்பாதான்.

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"வேலை போனப்பவும், ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்பவும், 'சுவரையே கட்டினவ நான்'னு சொல்லித்தான் உங்கம்மா எழுந்து உட்கார்ந்தா. அதைப் போய் அவகிட்டேர்ந்து பிடுங்கலாமா? மூணாவது செங்கல்ல அந்த எழுத்தை நீயே கீறிடு. மேல கொஞ்சம் மண்ணைத் தேய்ச்சுட்டுப் போட்டோ எடு. பழசாத் தெரியணும்."

ஊருக்கு உழைக்கப் போகிறவளுக்கு முதல் வேலையே திருட்டு வேலை. ஆனாலும் அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சரியென்றாள்.

விமான நிலையத்தில் அப்பா தள்ளுவண்டி எடுக்கப் போனார். அம்மா மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் அருகில் வந்தாள்.

"ஒரு பூட்டு வாங்க ஒரு மணி நேரமா? சுவரைப் பத்திச் சொல்லிட்டாராக்கும்."

மகள் திருதிருவென்று விழித்தாள்.

"அது கோணல்னு கட்டின எனக்குத் தெரியாதா? பிள்ளைங்க மேல விழுந்து வைக்கக் கூடாதேன்னு, இடிச்சுடச் சொல்லிக் கொத்தனாருக்குச் சைகை காட்டிட்டுத்தான் பஸ்ஸே ஏறினேன்."

"அப்புறம் எதுக்கும்மா எப்பப் பாரு அந்தச் சுவரைப் பத்தியே பேசறே?"

அம்மா தூரத்தில் பார்த்தாள். சக்கரம் சிக்கிக்கொண்ட வண்டியோடு அப்பா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"போட்டோவை மறக்காம அனுப்பு. மனுஷன் இத்தனை வருஷம் கழிச்சு மாட்டிக்கக் கூடாது" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு நாள் கழிச்சு, உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோட வந்து நின்னு, சுவருக்கு ஒண்ணும் ஆகலன்னு என்கிட்ட சொன்னார் பாரு, அந்தப் பொய்யைக் கேட்ட அன்னிக்குத்தான் இவரைக் கட்டிக்கிறதுன்னு முடிவு பண்ணினேன்."