சேர்ந்திசையில் ஒரு தடங்கல்

காட்டு வானொலியின் சேர்ந்திசைக் குழு பாட்டன் காலத்திலிருந்தே பேர்போனது. அதில் இடம் கிடைத்ததும் கரிச்சான் குருவிக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள் ஒலிபரப்பு. கொக்குகள் வரிசையாக நின்று அலகைத் திறந்தன. பாட்டு கேட்டது, ஆனால் ஒரு தொண்டைகூட அசையவில்லை. மூலையில் பழைய ஒலிநாடா ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

"யாருமே பாடலையா அண்ணே?" என்று குருவி கிசுகிசுத்தது.

"பாடினா தொண்டை கெட்டுப்போயிடும் தம்பி. வாயை மட்டும் அசை," என்றது தலைமைக் கொக்கு.

"வானொலியில நம்ம வாயை யாரு பார்க்கப் போறாங்க?"

"வாயைத் திறந்து நின்னாத்தானே பாடகர்!"

அந்த நேரம் பார்த்து நாடா அறுந்தது. திறந்த அலகை மூடவும் தோன்றாமல் கொக்குகள் விழித்தன. குருவி ஒலிவாங்கி முன் தாவியது. நாடா விட்ட அடியிலிருந்து எடுத்து, உயிரைக் கொடுத்துப் பாடி முடித்தது.

மறுநாள் பாராட்டுக் கிடைக்கும் என்று ஆசையோடு வந்தது. அதற்குள் நேயர்களின் புகார்கள் குவிந்துவிட்டன: "அருமையான பாட்டு, நடுவில் ஏதோ குருவி கத்திக் கெடுத்துவிட்டது."

குருவியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய தலைமைக் கொக்கு, ஒலிவாங்கி முன் நின்று கம்பீரமாக அறிவித்தது: "தடங்கலுக்கு வருந்துகிறோம்."