முதல் பட்டதாரி

“உங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா?”

ராமசெல்வி டீச்சர் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

சாலமோன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

திருவொற்றியூரில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. பிளஸ் டூ தேறிய பிள்ளைகளும் பெற்றோரும் கூடம் நிறைய வரிசையில் நின்றார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, என்ன சலுகை என்று டீச்சர்களே சொல்லி, விண்ணப்பத்தையும் அங்கேயே போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெனிஷாவின் கட் ஆஃப் நூற்று எழுபத்தொன்பது. இன்ஜினீயரிங் இடம் நிச்சயம்.

குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியதில்லை, இவள்தான் முதல் பட்டதாரி என்றால், கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் சாலமோன்தான் கட்ட வேண்டும். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கும் துறைமுகத்துக்குமாகக் காகிதம் சுமக்கிற சம்பளத்தில் அது நடக்காது.

“சார், உங்களைத்தான்.”

“யாரும் இல்ல, டீச்சர்.”

அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. டீச்சருக்குக் கேட்டது. பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினார்.

“அப்பா படிப்பு பி.காம்னு இருக்கே? ஆறாங்கிளாஸ் சேர்க்கும்போது நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

பின்னால் நின்ற மனோகரன் எட்டிப் பார்த்தார். அதே தெருக்காரர், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். சாலமோனுக்கு ‘பி.காம் அண்ணாச்சி’ என்று பெயர் வைத்ததே அவர்தான். ரேஷன் கார்டு மனுவோ, போலீஸ் புகாரோ, தெருவே அண்ணாச்சியிடம் வந்துதான் எழுதி வாங்கிக்கொண்டு போகும்.

மனோகரன் அவர் தோளில் தட்டினார்.

“கரெக்ட்டு அண்ணாச்சி, அப்டியே நின்னுக்கோ. எவன் வந்து சர்டிபிகேட்ட நோண்டப் போறான்? ஊரே இல்லன்னுதான் சொல்லிகினு கீது.”

வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

பெனிஷா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம்ப்பா. எனக்காகப் பொய் சொல்லாதீங்க.”

மெதுவாகத்தான் சொன்னாள். சிரிப்பு நின்றுபோயிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

சாலமோன் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். பதினேழு வருடத்தில் ஒருநாளும் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஏதோ திருடிக் கையும் களவுமாக அகப்பட்டவரைப் பார்ப்பது போல.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.



“தப்பா சொல்லிட்டேன், டீச்சர்,” என்றார் கடைசியில். “நான் பி.காம்.”

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. காலையிலேருந்து இந்த மேஜைக்கு எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய சலுகை போகுதுன்னு தெரிஞ்சும் உண்மையச் சொன்ன மனுஷன் இவர் ஒருத்தர்தான்.”

யாரோ ஒருவர் கைதட்ட, கூடமே சேர்ந்துகொண்டது.

“பேஜாரான ஆளுப்பா நீ,” என்று தலையில் அடித்துக்கொண்ட மனோகரனும் சேர்ந்து தட்டினார்.

பெனிஷாவின் முகம் திரும்ப மலர்ந்துவிட்டது. பிடித்திருந்த மணிக்கட்டை விடாமல் அப்பாவை ஒட்டி நின்றாள்.

சாலமோன் தலையைத் தூக்கவேயில்லை. முதலில் பொய் சொல்லப் பார்த்தோமே என்று கூசுகிறார் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

முதல் பட்டதாரி என்ற வரியின் மேல் ஒரு கோடு விழுந்தது. இன்ஜினீயரிங் விண்ணப்பம் இரண்டாக மடிந்து மேஜை ஓரத்துக்குப் போனது.

“வேற என்னம்மா போடலாம்?”

பெனிஷா யோசிக்கக்கூட இல்லை.

“பி.காமே போடுங்க, மிஸ். அப்பா படிச்சதுதானே. அக்கவுன்டன்சி எனக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. அப்பா சொல்லிக் குடுப்பாங்க.” நிமிர்ந்து பார்த்தாள். “குடுப்பீங்கல்லப்பா?”

அவர் தலையாட்டினார்.

டீச்சர் மளமளவென்று எழுதி, படிவத்தை அவர் பக்கம் திருப்பினார்.

“இந்த ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு, சார். நீங்க பாஸ் பண்ண வருஷம்.”

பெயருக்குப் பின்னால் பி.காம் என்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் அந்தக் கட்டம் இருக்கவில்லை. வாசல் பெயர்ப்பலகையிலும் இல்லை. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதும் இல்லை.

சாலமோன் பேனாவை வாங்கினார். பின்னால் வரிசை நகரக் காத்திருந்தது. மகள் தோளோடு தோள் சாய்ந்து, அவர் எழுதப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1999 என்று எழுதினார்.

அக்கவுன்டன்சி பேப்பரில் நான்காவது முறையும் தோற்று, சொந்த ஊரான உடன்குடியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் சென்னைக்கு பஸ் ஏறிய வருடம் அது.