காரணமானவர்

அறிக்கையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மற்றவற்றை எல்லாம் அவள் நிரப்பிவிட்டாள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும். வரிக்கு வரி உண்மை.

'காரணமானவர் பெயர், அடையாள எண்' என்று கேட்ட கட்டத்தில் சின்னக் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்குக் கீழே இரும்பைச் சுரண்டும் சத்தம். காலையிலிருந்து நிற்கவில்லை.

மேலாளர் சந்தானகோபாலனின் மேஜையில் அவளுடைய பயிற்சிப் பதிவேடு கிடந்தது. மூன்று வருடம். வாரத்தில் ஐந்து நாள் தொழிற்சாலை, சனிக்கிழமை வகுப்பு. வேலை பார்த்துக்கொண்டே திட்ட மேலாண்மையில் பட்டம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பதிவேட்டில் முப்பத்தாறு கையெழுத்து வேண்டும். முப்பத்தைந்து இருந்தது.

இன்று ஐந்து மணிக்குள் பதிவேடு கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். அதுவும் கம்பெனி வைத்துக்கொண்டால்.

அவர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"அறிக்கையை முடிச்சிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன். யார் பேரைப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். மூணு வருஷம் படிச்சிருக்க, உனக்கே தெரியும்."

நல்ல மனிதர். யார் மேலும் பழி சொல்லாதவர்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை அவளுடைய திட்ட அட்டவணையில் ஒரு வரி தாமதம் காட்டிச் சிவப்பாகிவிட்டது. அழுத்தக் கலன் ஒன்று. பற்றவைப்பு முடிந்து, தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டிய கட்டம். சோதனைக்கான பம்பு பழுது. சரிசெய்ய எட்டு நாள் ஆகும்.

மறுநாள் பெரியவர்கள் கூடும் ஆய்வுக் கூட்டம். சிவப்போடு போக முடியாது.

"பச்சையாக்கிடும்மா" என்றார் சந்தானகோபாலன். எந்தக் காகிதத்திலும் அது இல்லை. போகிற போக்கில், தேநீர்க் கோப்பையோடு சொன்னது.

அவள் பெயிண்ட் வேலையைப் பிடித்துச் சோதனைக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். ஒரே இழுப்பு. கணக்கில் வேலை எழுபது சதவீதத்திலிருந்து எண்பத்தைந்துக்கு ஏறியது. வரி பச்சையானது.

கூட்டத்தில் யாரோ அவளை 'கெட்டிக்காரப் பொண்ணு' என்றார்கள்.

அன்று மதியமே பெயிண்ட் பிரிவின் ஒப்பந்த மேஸ்திரி மரியசூசை மாடியேறி வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"பாப்பா, தண்ணி சோதன முடியாம பெயிண்ட் அடிக்கக் கூடாது. ஊசித் துளை எதுனா இருந்தா பெயிண்டே அடைச்சிக்கும். சோதனையில தெரியாது. அப்புறம் போற எடத்துல பீய்ச்சி அடிக்கும்."

"அட்டவணையில அப்படித்தாண்ணே இருக்கு."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் அடித்தார். இரண்டு பூச்சு. பளபளவென்று.

பம்பு சரியாகி வந்து சோதனை நடந்தது. கலன் தேறியது.

போன இடத்தில் பீய்ச்சி அடித்தது.

நேற்று லாரியில் திரும்பி வந்துவிட்டது. கீழே அதைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மணி மூன்றே கால்.

அவள் தன் பெயரை அடித்தாள். நான்கு எழுத்து. சிறிய பெயர்தான். கட்டத்தில் நிறைய இடம் மிச்சமிருந்தது.

அழித்தாள்.

சந்தானகோபாலன் என்று அடிக்க விரல் எழும்பவே இல்லை.

பெயர் விழுந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனி ஆட்களுக்கு விசாரணை, விளக்கக் கடிதம், ஒரு வருடம் தள்ளிப்போகும் பதவி உயர்வு. ஒப்பந்த ஆளுக்கு அவ்வளவு நீளமில்லை. மறுநாள் காலை வாசலில் அட்டையைத் தேய்ப்பான். கதவு திறக்காது. அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லக்கூட மாட்டார்கள்.

'சோதனைக்கு முன்பே வர்ணம் பூசப்பட்டது' என்று மேலே எழுதியிருந்தாள். பூசியது யார்? அவர்தானே. பொய் இல்லையே.

மரியசூசை என்று அடித்தாள்.

திரை இரண்டு பேரைக் காட்டியது. இரண்டும் மரியசூசை. ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே பெயிண்ட் பிரிவு. எண் மட்டும் வேறு.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவர் கலனின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தார். கம்பிப் பிரஷ்ஷும் கையுமாக வெளியே வந்தார். இமையெல்லாம் பெயிண்ட் தூள்.

"அண்ணே, உங்க அடையாள எண் வேணும்."

"எதுக்கு பாப்பா?"

"பதிவுக்கு."

அவர் முகம் மலர்ந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பேண்டில் இரண்டு முறை துடைத்தார்.

"அன்னிக்கி மேல வந்து சொன்னேன்ல, அத எழுதிட்டியா? நீ எழுதுவேன்னு தெரியும் பாப்பா. நம்பரை மட்டும் சரியாப் போடு. இந்தப் பேருல இன்னொருத்தன் இருக்கான். போன வருஷம் பாதுகாப்பு வாரத்துல என் பாராட்டுத் தாளைத் தூக்கி அவன் கையில குடுத்துட்டாங்க. அவனும் பல்ல இளிச்சிக்கிட்டு வாங்கிக்கிட்டான்."

சொல்லிச் சிரித்தார்.

சட்டைக்குள்ளிருந்து அட்டையை இழுத்து, அவள் படிக்க வசதியாகத் திருப்பிப் பிடித்தார்.

அவள் எழுதினாள். கடைசி இலக்கம் தேய்ந்திருந்தது.

"இது ஒண்ணா, ஏழாண்ணே?"

அவர் கட்டைவிரலால் தூளைத் துடைத்துவிட்டு, அட்டையை இன்னும் கொஞ்சம் அருகில் நீட்டினார்.

"ஏழு பாப்பா."