முதல் மணி

ஆனையூரில் காலைப் பூசைக்கு முதல் மணி அடிக்கிறது. ஆனிமேரி டீச்சர் முக்காடிட்டு, ஜெபமாலையும் கையுமாகத் தன் வீட்டுக் கேட்டுக்குள்ளேயே நிற்கிறார். அவர் கெண்டைக்காலில் பல்தடம் இன்னும் கறுத்திருக்கிறது. எதிர்வீட்டு அழகுராஜா பிரஷ்ஷைக் கடித்தபடி, தினமும் செய்வதுபோல நாயை மட்டும் தெருவில் விடுகிறான். சங்கிலி அவன் கேட்டில் தொங்குகிறது. நாய் நேராக வந்து டீச்சர் வாசலில் மலங்கழிக்கக் குந்துகிறது. “கட்டிக் கூட்டிட்டுப் போனா என்னப்பா?” “அது ஒண்ணுஞ் செய்யாது டீச்சர். பயப்படாமப் போங்க.” “இதத்தான் போன மாசமும் சொன்ன.” அவன் வாய் கொப்பளிக்க உள்ளே போய்விடுகிறான். இரண்டாம் மணியும் அடித்து ஓய்கிறது. டீச்சரின் விரல்கள் கேட்டின் கொண்டியைத் தொட்டபடி அசையாமல் இருக்கின்றன. வேலையை முடித்த நாய், அவர் கால்படாமல் ஒரு மாதமாகிவிட்ட கோயில் தெருவுக்குள் வாலை ஆட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போகிறது.